கப்பல் பொறித்த கரண்டியெல்லாம் கம்பெனிக் காலத்துக் கரண்டி ஆகாது

ஒல்லாந்து நாட்டு அலங்கார வெள்ளிக் கரண்டிகளில் பெரும்பாலானவை உண்பதற்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. குழந்தை பிறந்ததற்கும், திருமணத்துக்கும், இறந்தவர் நினைவுக்கும் உறவினர்களுக்குக் கொடுக்கப்பட்டவை அவை. தண்டின் உச்சியில் கொண்டைபோல ஒரு வார்ப்புருவம் நிற்கும். அது பாய் விரித்த கப்பலாகவோ, காற்றாலையாகவோ, குதிரைக் குளம்பாகவோ, ஏசுவின் திருத்தூதர் ஒருவராகவோ இருக்கும். குழியின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து, பிரீஸ்லாந்து மாகாணங்களில் செழித்த வழக்கம் இது. பின்னர் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகச் சரக்காக மறுபிறவி எடுத்தது. இந்த இரண்டாம் பிறவியை மறந்துவிடுவதால்தான் காலக் கணிப்பில் குழப்பம் நேர்கிறது.

பழம்பொருள் சந்தையில் பரவலாக நம்பப்படும் கணக்கு எளிமையானது. கப்பல் இருந்தால் அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தது. ஆண்டு வெட்டியிருந்தால் அந்த ஆண்டில் செய்தது. சிங்க முத்திரை இருந்தால் 17 அல்லது 18 ஆம் நூற்றாண்டுப் பொருள். தமிழ்நாட்டில் கிடைத்திருந்தால் நாகப்பட்டினத்திலோ பழவேற்காட்டிலோ இருந்த ஒல்லாந்தர் வீட்டுச் சொத்து. கடற்கரை ஊர்களில் தொடங்கிய இந்தக் கணக்கு, சேலம் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல், கொல்லிமலைச் செம்மேடு என எந்த ஊரில் ஒரு கரண்டி வெளிப்பட்டாலும் அப்படியே அதன்மேல் ஏற்றப்படுகிறது.

இந்த நான்கு நம்பிக்கைகளும் தவறானவை. ஒரு கரண்டியின் வயது என்பது அது செய்யப்பட்ட காலம். அதைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள சாட்சிகள் மூன்று மட்டுமே: அரசு அல்லது கில்டு (தட்டார் சங்கம்) அடித்த முத்திரை, வடிவத்தையும் உள்ளடக்கிய தட்டாரின் கைவேலை, உலோகத்தின் கலவை. உருவமும் வெட்டெழுத்தும் கிடைத்த ஊரும் வேறு எதையாவது சொல்லலாம். வயதைச் சொல்லும் வல்லமை அவற்றுக்கு இல்லை.

உருவம் காலம் காட்டுமா?

கப்பல் கொண்டையைக் கம்பெனியோடு முடிச்சுப் போடுவது முதல் பிழை. டச்சுக் கம்பெனி 1602 இல் தொடங்கி 1799 இறுதியில் கலைக்கப்பட்டது. அதன் கப்பல்கள் பெருமை பெற்ற காலத்தைத் தங்கள் பொற்காலமாக நினைக்கும் வழக்கம் 19 ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தில் வலுப்பட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பாணிப் பொருள்களுக்கு ஐரோப்பா முழுவதும் கிராக்கி ஏற்பட்டது. ஒல்லாந்தின் வெள்ளி நகரம் என்று பெயர்பெற்ற ஸ்கூன்ஹோவனில் பட்டறைகள் கப்பலும் காற்றாலையும் பசுவும் கொண்ட கரண்டிகளை ஏராளமாகச் செய்து தள்ளின. ஜெர்மனியின் ஹனாவ் நகரமும் பழைய பாணி வெள்ளிக்குப் பெயர் போனது. அங்கிருந்த நெரஸ்ஹைமர் நிறுவனத்தின் சரக்கை பெர்தோல்ட் முல்லர் என்ற இறக்குமதியாளர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். சுற்றுலாப் பயணிக்கும் அன்பளிப்பு வாங்குபவருக்கும் ஒல்லாந்து என்றதும் நினைவுக்கு வருவது எதுவோ அதுவே கொண்டையில் ஏறியது. கப்பல் உருவம் காட்டுவது கப்பல் ஓடிய நூற்றாண்டை அன்று. கப்பலை நினைத்து ஏங்கிய நூற்றாண்டைக்கூட அது காட்டலாம்.

குழிக்குள் புடைப்பாக அமைந்த காட்சிகளும் இப்படித்தான். மதுக்கடையில் குடியானவர்கள் கூத்தாடுவது, துறைமுகத்தில் சரக்கு இறங்குவது, பனியில் சறுக்கி விளையாடுவது ஆகியவை 17 ஆம் நூற்றாண்டு ஓவியங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓவியம் பழையது என்பதால் அதைப் பார்த்து இரும்பு அச்சில் அழுத்திய தகடும் பழையதாகிவிடாது. 17 ஆம் நூற்றாண்டுத் தட்டார் ஒரு கரண்டியின் குழிக்குள் இப்படி ஒரு காட்சியை மேடும் பள்ளமுமாக எழுப்பியிருந்தால், அதில் எதையும் அள்ளியிருக்க முடியாது. குழி நிறையப் புடைப்புக் காட்சி இருப்பது பார்வைக்காக மட்டுமே செய்த பிற்காலச் சரக்கின் அடையாளம்.

உருவத்துக்கு இல்லாத சாட்சித் தகுதி வடிவத்துக்கு உண்டு. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் கரண்டியில் குழி அத்திப்பழத்தைப் பிளந்தாற்போல, தண்டை ஒட்டிய பக்கம் குறுகியும் நுனிப்பக்கம் அகன்றும் இருக்கும். தண்டு மெலிந்து, உருண்டோ பட்டைபிடித்தோ, நேராக நீளும். வார்ப்புக் கொண்டை தனியாகச் செய்து பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் குழி முட்டை வடிவம் பெற்றது, தண்டு தட்டையானது, அதன் முனை மூன்றாகப் பிரிந்தது. குழியின் அடியில் எலிவால்போல ஒரு மேடு தண்டைத் தாங்கி ஓடியது. 18 ஆம் நூற்றாண்டு நகர நகர அந்த வால் மறைந்து, முனை வளைந்து உருண்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் உண்ணும் முறையும் மேசை ஒழுங்கும் காரணமாக இருந்தன. அதனால் இவை ஒரு வரிசையில் நின்று காலம் சொல்கின்றன.

மறுபிறவிக் கரண்டி இந்த வரிசையைக் கலைத்துப் போடுகிறது. 17 ஆம் நூற்றாண்டுக் கொண்டை, முறுக்கிய தண்டு, மடிப்பு மடிப்பாக வரியிட்ட குழி, துளையிட்ட ஓரம் ஆகிய எல்லாம் ஒரே பொருளில் கூடியிருக்கும். வெவ்வேறு காலங்களின் உறுப்புகள் ஒன்றாக நிற்கும் பொருளுக்கு, அவற்றுள் மிகப் பிந்திய உறுப்பின் காலத்தையாவது தரவேண்டும். அதற்கு முந்திய காலத்தைத் தருவதற்கு நியாயம் இல்லை.

இந்தத் தவறு ஒல்லாந்துக் கரண்டியோடு நிற்பதில்லை. மதராஸில் 1849 இல் தோன்றிய பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம் விற்ற ‘சுவாமி’ பாணி வெள்ளிச் சாமான்களில் தெய்வ உருவங்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். கோயில் சிற்பத்தைப் போலவே இருக்கிறது என்பதற்காக அந்தக் கரண்டியைச் சோழர் காலத்தது என்று எவரும் சொல்வதில்லை. ஒல்லாந்துக் கப்பலுக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் என்பதற்குச் சந்தையிடம் பதில் இல்லை.

வெட்டிய ஆண்டு

இரண்டாம் நம்பிக்கை வலுவானதுபோலத் தோன்றும். வெள்ளியிலேயே ‘1672’ என்று எழுதியிருக்கும்போது மறுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கேள்வி எழுத்தைப் பற்றியது அன்று. எழுத்து எதைக் குறிக்கிறது என்பதைப் பற்றியது. நினைவுக் கரண்டியில் வெட்டப்படுவது நிகழ்ச்சியின் ஆண்டு. அது பிறப்பாகவோ, மணமாகவோ, இறப்பாகவோ, சங்கம் தொடங்கிய நாளாகவோ, போரில் வென்ற நாளாகவோ இருக்கலாம். நிகழ்ச்சி நடந்த அன்றே கரண்டி செய்யப்பட்டிருக்கலாம். முந்நூறாம் ஆண்டு நினைவாகவும் செய்யப்பட்டிருக்கலாம். தாத்தாவின் பழைய கரண்டியில் பேரன் பிறந்த நாளை வெட்டுவதும் உண்டு. அப்போது கரண்டி எழுத்தைவிட மூத்தது. விலை ஏற்றுவதற்காக வெறுங்கரண்டியில் ஆண்டு வெட்டுவதும் உண்டு. அப்போது எழுத்து கரண்டியைவிட மூத்ததுபோல நடிக்கிறது. இவற்றுள் எது நடந்தது என்பதை எண் சொல்லாது.

கொல்லிமலையில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்குள்ள அறப்பளீசுவரர் கோயில் சங்ககால மன்னன் வல்வில் ஓரியோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆனால் இன்று நிற்கும் கற்கட்டடத்தின் வயதை ஓரியின் பெயரைக் கொண்டு எந்த ஆய்வாளரும் கணிப்பதில்லை. சுவரில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளையும் கட்டட அமைதியையும் வைத்தே கணிக்கிறார்கள். ஓரியின் நினைவு மலைக்கு உரியது. கல்லின் வயது கல்லுக்கு உரியது. ஒன்றை மற்றதற்கு மாற்றிக் கொடுக்காத அந்த ஒழுங்கு வெள்ளிக் கரண்டிக்கும் பொருந்தும்.

வெட்டெழுத்தை நேரடியாகச் சோதிக்க வழியும் இருக்கிறது. பழைய எழுத்தின் பள்ளத்தின் ஓரங்கள் நூறாண்டுத் துடைப்பில் மழுங்கியிருக்கும். பள்ளத்தின் அடியும் சுற்றியுள்ள பரப்பும் ஒரே நிறத்தில் தேய்ந்திருக்கும். பரப்பில் உள்ள சிறு கீறல்கள் எழுத்தின் மேலும் தொடர்ந்து ஓடும். எழுத்துக்குப் பக்கத்தில் வந்து கீறல் அறுபட்டு நின்றால், கீறல் விழுந்த பிறகு எழுத்து வெட்டப்பட்டது என்று பொருள். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைக்கண்ணாடி போதும். எந்தத் தட்டார் கடையிலும் அது கிடைக்கும்.

சிங்கங்களும் வாள்களும்

மூன்றாம் நம்பிக்கைதான் அதிகப் பணத்தை இழக்க வைக்கிறது. முத்திரை இருக்கிறது, அதில் சிங்கம் இருக்கிறது, எனவே பழையது என்பார்கள். எந்தச் சிங்கம் என்று கேட்பதில்லை.

ஒல்லாந்தில் நகரக் கில்டுகள் நடத்திய முத்திரை முறை நீண்டது. நகர முத்திரை, ஆண்டெழுத்து, தட்டாரின் முத்திரை ஆகிய மூன்றும் அதில் இருந்தன. ஆம்ஸ்டர்டாமுக்கு முடியின் கீழ் மூன்று பெருக்கல் குறிகள், தி ஹேக் நகருக்கு நாரை, ஹார்லெமுக்கு நட்சத்திரங்களோடு ஒரு வாள். 1663 இல் ஒல்லாந்து மாகாணம் உயர்ந்த மாற்றுக்கு அடையாளமாக முடி சூடிய சிங்கத்தைச் சேர்த்தது. 1798 இல் கில்டுகள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. நெப்போலியன் ஆட்சியில் பிரெஞ்சு முத்திரைகள் கொஞ்ச காலம் புழங்கின. 1814 இல் நாடு முழுவதற்கும் ஒரே அரசு முறை வந்தது. அதன்படி, பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் சிங்கமும் 1 என்ற எண்ணும் ஆயிரத்தில் 934 பங்கு வெள்ளியைக் குறித்தன. நடக்கும் சிங்கமும் 2 என்ற எண்ணும் 833 பங்கைக் குறித்தன. மினர்வா தேவியின் தலை சோதனை அலுவலகத்தின் முத்திரை. தலைக்கவசத்தில் உள்ள எழுத்து எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லும். ஏ என்றால் ஆம்ஸ்டர்டாம். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டெழுத்து உண்டு. 1953 இல் தரம் 925 என்றும் 835 என்றும் மாறியபோதும் சிங்கம் தொடர்ந்தது.

ஆகவே ஒல்லாந்துச் சிங்கத்துக்கு மூன்று காலங்கள் உண்டு. பக்கத்தில் 1 அல்லது 2 என்ற எண் இருந்தால், அந்தக் கரண்டி எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் 1814 க்கு முந்தியதாக இருக்க முடியாது. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளிக்கும் நடக்கும் சிங்கமே முத்திரை. அதையும் ஒல்லாந்துச் சிங்கம் என்று படிப்பவர்கள் உண்டு. இவற்றோடு பழைய நகர முத்திரைகளைப் பார்த்து அடித்த போலிச் சிங்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. மறுபிறவிக் கரண்டிகளில் இவை சாதாரணம். முடி தேய்ந்த சிங்கம், எந்த நகரத்துக்கும் பொருந்தாத கேடயம், எந்த வரிசையிலும் இல்லாத எழுத்து என்று அலங்காரத்துக்காகவே அடிக்கப்பட்டவை அவை.

வாளின் கதை இன்னும் சிக்கலானது. ஹார்லெம் நகரத்தின் பழைய முத்திரையில் வாள் உண்டு. கம்பெனியின் கிழக்குத் தலைநகரான பட்டாவியாவின் நகரச் சின்னத்திலும் வாள் உண்டு. அது புன்னை போன்ற இலைகள் கொண்ட லாரல் வளையத்துக்குள் செங்குத்தாக நிற்கும். 1814 அரசு முறையில் சிறிய வெள்ளிப் பொருள்களுக்கு அடிக்கப்பட்ட முத்திரையும் ஒரு சிறு வாள்தான். இந்தச் சிறு வாள் 1814 முதல் 1905 வரை ஒரு வடிவிலும் 1906 முதல் 1953 வரை வேறு வடிவிலும் இருந்தது. அலங்காரக் கரண்டிகளில் பல எடை குறைந்தவை. ஆதலால் அவற்றில் சிங்கமோ ஆண்டெழுத்தோ இல்லாமல் இந்த வாளும் தட்டாரின் முத்திரையும் மட்டுமே இருக்கும். அதைப் பட்டாவியா வாள் என்று நம்பி, கம்பெனிக் காலக் கீழைநாட்டு வெள்ளி என்று விலை பேசுவது நூறு, இருநூறு ஆண்டுகளை ஒரே மூச்சில் கூட்டுவதாகும்.

எண் முத்திரைகளும் எச்சரிக்கையோடு படிக்கப்பட வேண்டியவை. ஒல்லாந்துப் பொருளில் 835 இருந்தால் அது 1953 க்குப் பிந்தியது. பிறையும் முடியும் சேர்ந்து 800 அல்லது 835 இருந்தால் அது 1888 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானிய முறை. அந்தக் கரண்டி ஒல்லாந்தில் பிறந்ததே அன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வெள்ளித் தரவரிசையிலும் 925, 835 இரண்டும் உண்டு. எண் ஒன்றைமட்டும் வைத்து நாட்டையும் முடிவு செய்ய இயலாது, காலத்தையும் முடிவு செய்ய இயலாது.

இங்கிலாந்து வழியாக வந்த கரண்டிகள் தனி வகை. 1842 ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டில் இறக்குமதியாகும் வெள்ளிச் சாமான்கள் சோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டியிருந்தது. 1867 முதல் அயல்நாட்டுப் பொருள் என்று காட்ட எஃப் என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. 1904 இல் இறக்குமதிக்கென்றே தனி முத்திரைகள் வந்தன. செஸ்டர் அல்லது லண்டன் முத்திரையோடு எஃப் இருந்தால் கரண்டி 1867 க்கும் 1904 க்கும் இடையில் இங்கிலாந்தில் நுழைந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அங்குள்ள ஆண்டெழுத்து நுழைந்த ஆண்டைச் சொல்லுமே தவிர, செய்த ஆண்டைச் சொல்லாது. எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1927 வரை, பழைய உள்நாட்டு வெள்ளி மறுபடி விற்பனைக்கு வரும்போது ஒல்லாந்து அலுவலகங்கள் சிறு கோடரி முத்திரை அடித்தன. கோடரியைக் கண்டு கரண்டியே 19 ஆம் நூற்றாண்டு என்று தள்ளினால், உண்மையான 18 ஆம் நூற்றாண்டுப் பொருளை இழக்க நேரிடும். முத்திரை என்பது ஓர் அதிகாரி ஒரு நாளில் செய்த செயல். எந்த அதிகாரி, எந்தக் காரணத்துக்காகச் செய்தார் என்று தெரிந்தால்தான் அது சாட்சி.

கிடைத்த ஊர்

நான்காம் நம்பிக்கை தமிழ்நாட்டுக்கே உரியது. ஒல்லாந்தர் 1613 இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1658 இல் நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தனர். சோழமண்டலக் கரையின் தலைமையிடம் பிறகு பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781 இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1825 இல் பழவேற்காடும் தூத்துக்குடியும் கைமாறின. இவ்வளவு நீண்ட வாழ்க்கையில் அவர்கள் வெள்ளிக் கரண்டி வைத்திருந்தார்களா என்றால், வைத்திருந்தார்கள். கம்பெனி ஊழியர் இறந்தால் அவர் உடைமைகளைப் பட்டியலிடும் வழக்கம் கீழை நாடுகளில் இருந்தது. வெள்ளிச் சாமான்கள் அந்தப் பட்டியல்களில் இடம்பெறும்.

ஆனால் வைத்திருந்தார்கள் என்பதும் இந்தக் கரண்டிதான் அது என்பதும் வேறு வேறு கூற்றுகள். பழவேற்காட்டுக் கல்லறைகளில் 17 ஆம் நூற்றாண்டு ஆண்டுகள் செதுக்கப்பட்டுள்ளன. கல் நட்ட இடத்தில் நிற்பதால் அந்த ஆண்டை நம்பலாம். கரண்டி நடக்கும் பொருள். ஆங்கிலேய அதிகாரி, தோட்ட முதலாளி, பாதிரியார், கப்பல் பயணி, மும்பை ஏலக் கடை, அயல்நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் என எவர் பெட்டியிலும் அது வந்திருக்கலாம். பழைய வெள்ளி உருக்கப்பட்டுப் புதிய நகையாவது நம் ஊரில் ஒவ்வொரு தலைமுறையிலும் நடப்பது. 18 ஆம் நூற்றாண்டு வெள்ளி தப்பிப் பிழைத்திருப்பது விதிவிலக்கு.

கொல்லிமலையைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்குக் கால் வைக்கவே இடமில்லை. ஒல்லாந்தருக்குக் கடற்கரையில் பண்டசாலைகள் இருந்தன. இந்த மலையை அவர்கள் ஆண்டதில்லை. சேலம் வட்டாரம் 1792 ஒப்பந்தத்தின்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு வந்தது. அப்போது நாகப்பட்டினம் ஒல்லாந்தரிடமிருந்து பறிபோய்ப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் இந்த மலைக்கு மிக அருகில் உள்ள பெரிய வெள்ளிச் சந்தை சேலம். கொலுசுக்குப் பெயர்போன அந்த ஊருக்குப் பழைய வெள்ளி எல்லாத் திசைகளிலிருந்தும் உருக்குவதற்காக வருகிறது. மலையிலோ அடிவாரத்திலோ ஒல்லாந்துக் கரண்டி ஒன்று வெளிப்பட்டால், அது எந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பதே முதல் கேள்வி. எழுத்து ஆதாரம் இருந்தால் அது சான்று. இல்லாவிட்டால் ஊர்ப்பெயர் வெறும் முகவரி. நாகப்பட்டினத்துக்கும் இதே அளவுகோல்தான். சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. குடும்பப் பெயரோ சின்னமோ வெட்டிய கரண்டிக்கு அங்கே தேடிப் பார்க்கலாம். தேடாமலே ‘ஒல்லாந்தர் வீட்டுச் சொத்து’ என்று எழுதி ஒட்டுவது வரலாறு ஆகாது.

சோதனையின் ஒழுங்கு

ஒரு கரண்டியை மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். ஒரு சாண் நீளம் இருக்காது. கொண்டையில் மூன்று பாய்மரக் கப்பல். தண்டு கயிறுபோல முறுக்கியது. குழியில் துறைமுகக் காட்சி புடைத்து நிற்கிறது. பின்புறத்தில் 1672 என்று வெட்டியிருக்கிறது. ஒல்லாந்தின் மேல் இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து பாய்ந்த ஆண்டு அது. விற்பவருக்கு மிகவும் பிடித்த ஆண்டும்கூட. அருகில் முடிபோல ஒன்று சூடிய சிங்கமும் தேய்ந்த ஓர் எழுத்தும். இவ்வளவோடு நிறுத்தினால் 17 ஆம் நூற்றாண்டு என்ற முடிவு தானாக வந்துவிடும்.

கைக்கண்ணாடி வேறு கதை சொல்கிறது. சிங்கத்தின் கேடயம் எந்தக் கில்டு வரிசையிலும் இல்லை. முறுக்குத் தண்டு குழியோடு சேரும் இடத்தில், பருப்பின் அளவுகூட இல்லாத ஒரு வாள் முத்திரை. 1906 க்குப் பிந்திய வடிவம். பக்கத்தில் தட்டாரின் எழுத்துகள். துறைமுகக் காட்சியின் பின்புறத்தில் அதே காட்சி பள்ளமாகத் துல்லியமாகத் தெரிகிறது. அச்சில் அழுத்திய தகடு. 1672 என்ற எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றன. குழியின் விளிம்பு சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறது. உண்மையாகப் பயன்பட்ட கரண்டியின் விளிம்பு அப்படி இருக்காது; வலக்கையால் உண்பவரின் கரண்டி நுனியின் இடப்பக்கம் சாய்வாகத் தேய்ந்து கோணலாகும். முடிவு தெளிவு: 1906 க்கும் 1953 க்கும் இடைப்பட்ட அலங்காரப் பொருள். முதல் மூன்று நம்பிக்கைகளும் பருப்பளவுகூட இல்லாத ஒரு வாளின் முன் விழுந்தன.

இதிலிருந்து கிடைக்கும் ஒழுங்கு இதுதான். முதலில் எல்லா முத்திரைகளையும் தேடவேண்டும். பெரியதும் தெளிவானதும் முதலில் கண்ணில் படும். சட்டப்படியான சிறிய முத்திரை பெரும்பாலும் மறைவில் இருக்கும். ஒன்றுக்கொன்று முரண்படும் முத்திரைகளில் மிகப் பிந்தியது எதுவோ, அது பிற்காலத்தில் மறுவிற்பனைக்காக அடிக்கப்பட்டதா, செய்தபோதே அடிக்கப்பட்டதா என்று பார்க்கவேண்டும். அடுத்து முத்திரையின் தன்மை. எஃகு அச்சால் அடித்த முத்திரையின் அடி வழவழப்பாக இருக்கும்; அடியின் வேகத்தில் பக்கத்து உலோகம் சற்று ஒதுங்கியிருக்கும். பழைய கரண்டியிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் முத்திரையும் சேர்ந்தே வார்க்கப்படும். அதன் ஓரம் மெத்தென்று இருக்கும். அடியில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். ஆறு கரண்டித் தொகுப்பானால் ஆறிலும் முத்திரைகள் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் நிற்கும். கையால் ஆறு முறை அடிக்கும் தட்டாருக்கு அது கைகூடாது.

பிறகு வேலைப்பாடு. கொண்டையைப் பொடி வைத்து ஊதிப் பற்றிய இடம், தண்டின் பக்கங்களில் சுத்தியல் தடம், குழியின் தடிமன் ஆகியவை அடுத்த சாட்சிகள். சுத்தியலால் அடித்து இறக்கிய குழி ஓரத்தில் ஒரு கனமும் நடுவில் ஒரு கனமுமாக இருக்கும். அச்சில் அழுத்தியது எங்கும் ஒரே கனம். இறுதியில் உலோகம். ஊடுகதிர் ஒளிர்வுச் சோதனை (எக்ஸ்.ஆர்.எஃப்.) இன்று பெரிய நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் சாதாரணம். அது வெள்ளியின் மாற்றை மட்டும் சொல்வதில்லை. மின்பகுப்பால் வெள்ளியைத் தூய்மையாக்கும் முறை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. அதற்கு முந்திய வெள்ளியில் தங்கமும் ஈயமும் சிறிதளவு தங்கிவிடுவது வழக்கம். அவை அறவே இல்லாத ‘1650 ஆம் ஆண்டு’ வெள்ளியை நம்புவதற்கில்லை. பற்றவைத்த இடத்தில் காட்மியம் தென்பட்டால், அந்தப் பற்று 20 ஆம் நூற்றாண்டுக்குரியது, கொண்டையாவது புதியது.

எஞ்சும் எதிர்வாதங்கள்

கறுத்துப் போயிருப்பதே பழமைக்கு அடையாளம் என்பது ஒரு வாதம். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். புகையும் கற்பூரமும் உள்ள பூசையறையில் சில மாதங்களில் ஏறும் கறுப்பைப் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் ஏற்றலாம். புளி போட்டுத் தேய்த்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

அனுபவசாலியின் கண் போதும் என்பது இன்னொரு வாதம். அனுபவம் மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் கண் எந்தப் பொருள்களைப் பார்த்துப் பழகியதோ அவற்றில் பெரும்பகுதி மறுபிறவிச் சரக்காக இருந்தால், அது போலியையே அளவுகோலாகக் கொண்டிருக்கும். கல்கத்தாவின் ஹாமில்டன் அண்டு கம்பெனி இங்கிலாந்து முத்திரைகளைப் போலத் தானே முத்திரை அடித்துக்கொண்டது. முத்திரையின் தோற்றத்தை மட்டும் பழகிய கண் அந்த வெள்ளியை லண்டன் வெள்ளி என்று படித்துவிடும். எனவே, சொல்லும் காரணத்தை இன்னொருவர் சரிபார்க்க முடிகிற கண்ணுக்கே மதிப்பு.

வாங்குபவர் மகிழ்ந்தால் போதும், வயது கொஞ்சம் கூடினால் யாருக்கு நட்டம் என்பது மூன்றாம் வாதம். நட்டம் விலையில் தொடங்குகிறது, வரலாற்றில் முடிகிறது. 20 ஆம் நூற்றாண்டுச் சுற்றுலாக் கரண்டிகளைக் கம்பெனிக் காலத்தவை என்று அடுக்கினால், சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் எப்படி உண்டார்கள், எதைக் கொடுத்து எதை நினைவுகூர்ந்தார்கள் என்ற உண்மையான வரலாறு பொய்ச் சாட்சிகளால் நிரம்பும். உண்மையாகத் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு கரண்டிகளும் அந்தக் கூட்டத்தில் அடையாளம் இழக்கும். சட்டமும் இதில் தொடர்புடையது. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள். அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் அயல்நாட்டுக்கு அனுப்ப முடியாது. வயதைக் கூட்டிச் சொல்லும் வியாபாரி, தான் சொல்வது உண்மையானால் தனக்குப் பொருந்தும் சட்டத்தையும் சேர்த்தே ஏற்கவேண்டும்.

1906 க்குப் பிந்திய கரண்டி மட்டமானது என்று இதற்குப் பொருள் அன்று. ஸ்கூன்ஹோவன் பட்டறைகளின் வேலையில் திறமை உண்டு. நூறு வயது கடந்தவை அந்த வயதுக்குரிய மதிப்பைப் பெறட்டும். மறுக்கப்படுவது கரண்டி அன்று, அதன்மேல் ஏற்றப்படும் இரவல் வயது. ஒல்லாந்துக் கரண்டி ஒன்றை வாங்கப் போகிறவர் கப்பலையும் ஆண்டையும் கடைசியாகப் பார்க்கட்டும். கரண்டியைக் கவிழ்த்து, தண்டும் குழியும் சேரும் இடத்தில் கைக்கண்ணாடியை வைத்து, அங்கே எத்தனை முத்திரைகள் உள்ளன என்று எண்ணட்டும். அவற்றில் ஒன்றையாவது விற்பவர் விளக்கிச் சொல்லாதவரை, வெள்ளியின் எடைக்கு உரிய விலைக்குமேல் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டியதில்லை.